சாப்பாட்டு அறையில் ஒரு விமானம்

பாறசாலையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஃபிசிக்ஸ் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், என் அலமாரியில் விமானம் ஓட்டும் லைசன்ஸ் ஒன்று சும்மா கிடந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியும். காற்றழுத்தம், விசை என்று ஏதாவது பாடத்தை ஆரம்பித்தால் போதும், பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சரே, நீங்க எப்பம் பிளேன் ஓட்டும்?"

"நீங்க எல்லாரும் பாஸான பெறவு" என்பேன்.

ஒரு பேட்ச் பாஸாகிப் போனது. அடுத்த பேட்ச் வந்து அதே கேள்வியைக் கேட்டது.

எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்துக்குள், ஆரியங்கோட்டுக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. அப்பா அரசு பஸ் டிரைவர். நெய்யாற்றின்கரையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வண்டி. அம்மா அங்கன்வாடி டீச்சர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். சின்ன வயதில் எனக்கு விமானத்தின்மேல் பெரிய ஆசையெல்லாம் இருந்ததில்லை. பிளஸ் டூ முடித்தபோது, பள்ளிக்கு வந்த ஒருவர் விமானி ஆவது எப்படி என்று பேசினார். கணக்கும் ஃபிசிக்ஸும் போதும் என்றார். அந்த இரண்டும்தான் எனக்கு வரும். அவ்வளவுதான் காரணம். தோட்டத்தில் ஒரு துண்டை விற்று, வடக்கே மழையே பார்க்காத ஒரு ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் அப்பா என்னைச் சேர்த்தார். குட்டி விமானத்தில் பறந்து, பரீட்சைகள் எழுதி, லைசன்ஸோடு ஊர் திரும்பினேன். வேலை மட்டும் கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் எந்தக் கம்பெனியும் புது ஆட்களை எடுக்கவில்லை. எடுத்தவர்களும் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். ஓட்ட விட்டால்தானே அனுபவம் வரும்?

இதற்கிடையில் கல்யாணப் பேச்சுகளும் வந்தன. பாலராமபுரத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு, பெரிய மனது பண்ணிச் சொன்னார்கள்: "கல்யாணம் கழிஞ்சா பிளேன் ஒண்ணும் ஓட்டண்டாம். வேணும்னா ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தாறோம், அதுல போகட்டு."

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுல ஒரு பிரச்சினை உண்டு. அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது."

உண்மை அதுதான். விமான லைசன்ஸ் வைத்திருந்த நான் அன்று வரைக்கும் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கால் ஊன்றாமல் பத்தடி போனதில்லை. டியூஷனுக்கும் பஸ்ஸில்தான் போய்வந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான், சின்ன நகரங்களை இணைக்கிற ஒரு விமானக் கம்பெனி பயிற்சி விமானிகளுக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. இறக்கையில் இரண்டு புரொப்பல்லர் சுழல, எழுபது பேர் வரை ஏற்றிக்கொண்டு பறக்கிற விமானங்கள் அவர்களுடையவை. விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் பாஸானேன். கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்து விரலால் தட்டுகிற தேர்விலும் பாஸானேன். அடுத்தது சிமுலேட்டர். ஹைதராபாத்துக்கு வரச் சொன்னார்கள்.

சிமுலேட்டர் என்பது ஒரு பெரிய பெட்டி. ஆறு இரும்புக் கால்களில் நிற்கும். உள்ளே போனால் அசல் விமானத்தின் முன்பக்கம் அப்படியே இருக்கும். பெட்டி ஆடும், சாயும், கண்ணாடிக்கு வெளியே ஓடுதளம் தெரியும். என் பக்கத்து இருக்கையில் இன்னொரு ஆளை உட்காரவைத்தார்கள். மேலே ஏறியதும் ஒரு இஞ்சினை அணைத்துவிட்டார்கள். நான் பதறவில்லை. திருப்ப வேண்டியதைத் திருப்பினேன், இழுக்க வேண்டியதை இழுத்தேன், வண்டியை நேராக வைத்துக்கொண்டு வட்டமடித்து இறக்கினேன். வெளியே வந்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

சோதித்த கேப்டன் தன்மையாகத்தான் பேசினார். "நன்றாக ஓட்டினீர்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கிறது சார்."

"ஆனால் அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை."

சரிதான். குட்டி விமானத்தில் தனியாகப் பறந்து பழகியவள் நான். எல்லாவற்றையும் நானே செய்துவிட்டு, எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பெரிய விமானத்தில் அப்படிக் கூடாது. ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனிப்பார். இவர் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் வாய்விட்டு வர வேண்டும். இந்த முறை எடுக்க முடியவில்லை என்றும், சில மாதங்கள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் மின்னஞ்சல் வந்தது.

ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் அம்மா, "என்னத்துக்காக்கும் தோத்த?" என்று கேட்டார். சொன்னேன்.

"வாய் தொறக்காததுக்கா? நீயா? வீட்டுல வாய் அடைக்க மாட்டியே!"

"இது வேற அம்மா. பக்கத்துல ஆளு வச்சுப் பழகணும்."

"பக்கத்துல நான் இருக்கேன். செல்லித் தா" என்றார் அம்மா.

விமானத்தின் முன்பக்கம் முழுக்க, சுவிட்சும் மீட்டருமாக, ஒரு பெரிய படமாகக் கிடைக்கும். பயிற்சி பெறுகிறவர்கள் அதைச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையை அதன்மேல் ஓட்டிப் பழகுவார்கள். எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. பென் டிரைவில் படத்தை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு ஃபிளக்ஸ் கடைக்குப் போனேன். கல்யாணம், காதுகுத்து, மரண அறிவிப்பு எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். கடைக்காரர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல ஆளுக்க போட்டோ எங்க வைக்கணும்?"

"ஆளு வேண்டாம் அண்ணே. இது மட்டும் மதி."

"பேரு? வாழ்த்து ஒண்ணும் போடண்டாமா?"

"வேண்டாம்."

மறுநாள் போய் வாங்கி விரித்துப் பார்த்தால், இஞ்சின் மீட்டர்களுக்குக் கீழே மஞ்சள் பூக்களால் ஒரு கரை. "வெறுமனே இருந்தது, அதாக்கும் ஒரு டிசைன் போட்டேன். பைசா கூட்டல்ல" என்றார். பூவோடேயே கொண்டுவந்து சாப்பாட்டு அறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

முதலில் அப்பாதான் கேப்டன் இருக்கையில் உட்கார ஆசைப்பட்டார். கேப்டன் இருக்கை இடது பக்கம். முடுக்கும் லீவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், அதாவது கேப்டனின் வலது கையில். அப்பாவின் இடது கையோ இத்தனை வருடப் பழக்கத்தில் கியரைத் தேடி நேராகப் போய் பிரிட்ஜில் முட்டியது. "கிளட்ச் எங்க இருக்கு?" என்றார். கிளட்ச் இல்லை என்றேன். "அப்பம் எனக்கு இதுல சோலி இல்ல" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி அம்மாவுக்குத்தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வேகமாக வாசிக்க வராது. அதனால் செக்லிஸ்ட் முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆங்கில வார்த்தைகள், மலையாள எழுத்து, வாசித்தது தமிழ் வாய். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற ராகம் அதில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "லேண்டிங் கியர்?" என்று இழுத்து நிறுத்துவார். "டவுன்" என்பேன். "ஃபிளாப்ஸ்?" என்பார். பதில் சொல்லத் தாமதித்தால், "ம்ம்? உறக்கமா?" என்று சேர்த்துக்கொள்வார். இது செக்லிஸ்ட்டில் இல்லாதது. அங்கன்வாடியிலிருந்து வந்து முகம் கழுவி, சாயா குடித்து முடித்ததும் தினமும் எங்கள் விமானம் புறப்படும். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், இஞ்சினில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழகிக்கொண்டிருந்தோம். மெதுவாகச் சொன்னால் தேர்வில் கேட்காது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், நான் முழுக் குரலில் கத்தினேன்: "இஞ்சின் ஃபயர்! லெஃப்ட் சைடு! ஃபயர்!"

"ஃபயர்!" என்று அம்மாவும் கத்தினார். அப்படித்தான் உறுதிப்படுத்த வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமா அவர்கள் கொட்டகையில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவர் காதில் விழுந்தது 'ஃபயர்' மட்டும்தான். நாங்கள் இரண்டாவது முறை கத்துவதற்குள் அடுக்களை வாசல் வழியாக ஒரு வாளித் தண்ணீரோடு பாய்ந்து வந்தார். நான் சுவரைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, வாளியை அப்படியே சுவரைப் பார்த்து வீசினார். இஞ்சின் மீட்டர், ரேடியோ, மஞ்சள் பூ எல்லாம் நனைந்து வழிந்தது. பாதித் தண்ணீர் என்மேல்.

அம்மா கையில் இருந்த தாளைத் துடைத்து, அடுத்த வரியைத் தேடி, அதே ராகத்தில் வாசித்தார்: "ஃபயர் லைட்?"

என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "ஆஃப்."

மாமா வாளியோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேஸ் அடுப்பு இல்லியா?"

"இல்ல மாமா. பிளேன் இஞ்சின்."

"சொவருலயா?"

விஷயத்தை விளக்கினோம். அவர் சிரித்தார், மாமி வந்து சிரித்தார், அப்பா டூட்டி முடிந்து வந்து சாயா குடித்துக்கொண்டே சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் தீப் பயிற்சி ஆரம்பிக்கும் முன் மாமா வீட்டுப் பக்கம் பார்த்து, "மாமா, சும்மாவாக்கும்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம். "கத்திக்கோ மக்கா" என்று பதில் வரும்.

மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி ஹைதராபாத், அதே பெட்டி. இந்த முறை என்னோடு உட்கார்ந்தவன் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு பையன். என்னைவிட உயரம், என்னைவிடப் பயம். இஞ்சின் நின்றதும் அவன் உறைந்துபோனான். நான் பேச ஆரம்பித்தேன். என்ன நடந்தது, நான் என்ன செய்கிறேன், நீ எதைப் பார்க்க வேண்டும் என்று வரிவரியாகச் சொன்னேன். அவன் பதில் சொல்லத் தாமதித்தபோது, "ம்ம்?" என்றேன். உடனே பதில் வந்தது. அம்மாவின் அந்த 'ம்ம்' பஞ்சாப்காரனுக்கும் புரிந்தது.

அடுத்த நாள் நேர்முகத் தேர்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். டியூஷன் எடுத்தேன் என்றேன். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து, "அப்படியானால் எங்களை உங்கள் வகுப்புப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் காற்றடிக்கும்போது விமானம் எப்படி நேராக வருகிறது? சொல்லுங்கள்" என்றார்.

எங்கள் ஊருக்குக் கீழே, பூவாறு என்கிற ஊரில் நெய்யாறு கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் அங்கே படகில் அக்கரைக்குப் போகிறவர்கள், போக வேண்டிய துறையைப் பார்த்துத் துடுப்புப் போட மாட்டார்கள். நீர் இழுப்பதற்கு எதிராக, கொஞ்சம் மேலே பார்த்துப் படகின் மூக்கை வைப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் படகு கோணலாகப் போவது போலத் தெரியும். ஆனால் சேர்வது சரியாகத் துறையில். இதைப் பலகையில் வரைந்து, காற்றில் விமானமும் இப்படித்தான் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில், "எல்லாருக்கும் புரிந்ததா? பின் பெஞ்ச்?" என்று கேட்டுவிட்டேன். ஓரத்தில் இருந்தவர் கையைத் தூக்கி, "புரிந்தது டீச்சர்" என்றார்.

தேர்வானேன் என்ற போன், வகுப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு உள்ளே வந்தேன். சாக்பீஸை எடுத்தேன். கோடு போட வேண்டிய இடத்தில் ஒரு இறக்கையை வரைந்துவிட்டேன். முன் பெஞ்சில் ஒரு பெண், "டீச்சருக்குக் கிட்டிப் போச்சு!" என்றாள். அன்றைக்கு ஃபிசிக்ஸ் நடக்கவில்லை. எதிர் பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் பஃப்ஸ் வரவழைத்தோம்.

ஊரில் ஒரே ஒரு ஏமாற்றம்தான் இருந்தது. கம்பெனியின் விமானப் படத்தைக் காட்டியபோது மாமா உற்றுப் பார்த்தார். "இது விசிறி வச்சதுல்லா? பழைய மாடலாக்கும்?" புதுசுதான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. "சாரமில்ல. பையப் பைய பெருசு தருவினும்" என்று என்னைத் தேற்றினார்.

பயிற்சியில் முதலில் வகுப்புகள், பிறகு சிமுலேட்டர். அந்த பஞ்சாப்காரனும் தேர்வாகியிருந்தான். இருவரையும் ஜோடியாகப் போட்டார்கள். விடுதியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பக்கம் பக்கமாகப் போட்டுப் பழகினோம். பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண் கேப்டன். விமானத்தில் சொல்ல வேண்டிய சொற்கள் இன்னின்ன என்று உண்டு; அதில் ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் நிறுத்திவிடுவார். நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நெருக்கடி வரும்போது எங்கள் ஊர் நாக்கு வெளியே வந்துவிடும். ஒரு நாள் மின்சாரக் கோளாறு ஒன்றைக் கொடுத்தார்கள். நான் விளக்கைப் பார்த்து, "ஜெனரேட்டர் ஆக்கும்!" என்றேன்.

கொஞ்ச நாளில் அது பஞ்சாப்காரனுக்கும் தொற்றிக்கொண்டது. அவன் ஒரு முறை, "ஹைட்ராலிக் ஆக்கும்" என்று அழுத்தமாகச் சொன்னபோது, கேப்டன் சிமுலேட்டரையே நிறுத்திவிட்டார்.

"இந்த 'ஆக்கும்' என்றால் என்ன?"

அவன் என்னைப் பார்த்தான். நான், "வேறொன்றும் இல்லை, இதுதான் என்று உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் ஊரில் சேர்ப்போம் மேடம்" என்றேன்.

"நல்ல சொல்தான். ஆனால் மற்ற எந்த விமானிக்கும் தெரியாது" என்றார். கோபமாகத்தான் சொன்னார் என்று நினைத்தோம். ஆனால் அந்தக் கட்டம் முடிந்த நாளில் எங்கள் தாள்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாஸ் ஆக்கும்" என்றார்.

எனக்கு வராமல் அடம்பிடித்தது தரையிறக்கம். ஓடுதளம் நெருங்கும்போது மூக்கை லேசாகத் தூக்க வேண்டும். நான் சீக்கிரமே தூக்கிவிடுவேன். வண்டி காற்றில் நின்று, பிறகு தொப்பென்று விழும். ஒரு வாரம் முழுக்க இப்படியே போனது. இதற்கு மேல் வராது, பாறசாலைக்கே போய்விடலாம் என்று நினைத்த இரவுகள் உண்டு. பஞ்சாப்காரன் அவன் பங்குக்கு வேறொன்றில் திணறிக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவர் தவறை ஒருவர் கணக்கெடுத்துச் சிரித்தோம். எப்போது சரியானது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் பார்வையை ஓடுதளத்தின் முன்பக்கத்திலிருந்து எடுத்து அதன் கடைசியில் வைத்தேன். கை தானாகப் பொறுத்தது. சக்கரம் தொட்டது. அவன் என் தோளில் ஒரு அடி அடித்தான்.

சிமுலேட்டர் தேர்வு முடிந்த பிறகுதான் அசல் விமானம். பயணிகள் யாரும் இல்லாமல், ஏறுவதும் வட்டமடித்து இறங்குவதுமாகப் பழக்குவார்கள். அந்தக் காலைப்பொழுதில் முதல் முறையாக அந்த இரண்டு இஞ்சின்களின் அதிர்வு என் நாற்காலி வழியாக முதுகில் ஏறியதை மறக்க முடியாது. சிமுலேட்டரில் எல்லாம் உண்டு, இந்த அதிர்வும் உண்டு. ஆனாலும் இது வேறு. முதல் இறக்கம் கொஞ்சம் இடித்தது. அடுத்ததெல்லாம் பரவாயில்லை. முடிந்ததும் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"எப்பிடி எறக்கின?"

"முதல்ல கொஞ்சம் இடிச்சுது அப்பா."

"ஏறின ஆளுவ ஏதும் ஏசினினுமா?"

"ஆளே இல்ல. காலி வண்டி."

"அப்பம் கொள்ளாம்" என்றார் அப்பா. அவர் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

பிறகு பயணிகளோடு, ஒரு பயிற்சி கேப்டனின் பக்கத்தில் இருந்துகொண்டு பறக்கிற மாதங்கள் வந்தன. ஒரு நாள் தூத்துக்குடிக்குப் போகும்போது கேப்டன் மைக்கைக் காட்டி, "தமிழில் நீங்களே சொல்லுங்கள்" என்றார். நல்ல தமிழில் ஒரு அறிவிப்பை எழுதி வைத்திருந்தேன். வாசிக்கவும் ஆரம்பித்தேன். நடுவில் மேகம் கொஞ்சம் ஆட்டியதில் தாள் கீழே விழுந்துவிட்டது. மிச்சத்தை மனதிலிருந்து சொன்னேன்: "கொஞ்சம் ஆட்டம் உண்டு. பேடிக்க வேண்டாம். இன்னும் கொறச்சு நேரத்துல எறங்கிரலாம்."

விமானப் பணிப்பெண் சிரித்துக்கொண்டே இன்டர்காமில் அழைத்தாள். "ஏழாவது வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். பைலட் மார்த்தாண்டத்துப் பிள்ளையா என்று."

"அதற்கும் கொஞ்சம் கேரளப் பக்கம் என்று சொல்லுங்கள்" என்றேன்.

திருவனந்தபுரத்துக்கு என்னைப் போட்டது பயிற்சி முடியும் தறுவாயில்தான். சென்னையிலிருந்து காலை விமானம். செய்தி தெரிந்ததும் ஊரில் ஒரு வேன் பிடித்துவிட்டார்கள். அப்பா, மாமா, மாமி, என் பழைய டியூஷன் பிள்ளைகள் சிலர், சபையிலிருந்து ஒரு கூட்டம். விமான நிலையத்துக்கு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் எங்கே நிற்பது என்று அப்பா கேட்டார். நான் ஆலோசித்தே சொன்னேன். காலை வேளையில் அங்கே காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அப்போது விமானங்கள் பெரும்பாலும் கடல் பக்கமாக வந்து, சங்குமுகம் கடற்கரைக்கு மேலே தாழ்ந்து இறங்கும். "சங்குமுகத்துல நில்லுங்கோ அப்பா. தலைக்கு மேல வருவேன்."

அம்மா மட்டும் வரவில்லை என்றார். வேனில் வளைவு வந்தால் அம்மாவுக்கு வாந்தி வரும். "மேல போறவளைப் பாக்க கீழ கெடந்து நான் கஷ்டப்படணுமா? நீங்க பெயிட்டு வாங்கோ."

அன்று காலை சென்னையில் பனிமூட்டம். ஓடுதளமே தெரியவில்லை. காத்திருந்து காத்திருந்து, வெயில் ஏறிய பிறகுதான் புறப்பட்டோம். அந்தப் பயணத்தை ஓட்டியது நான். மலைகளைத் தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கத் தொடங்கியபோது கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல் வந்தது. காற்று திரும்பிவிட்டது, கடல்காற்று வீசத் தொடங்கிவிட்டது, ஓடுதளத்தின் மறுமுனையிலிருந்து இறங்க வேண்டும். அதாவது தென்கிழக்கிலிருந்து. சங்குமுகம் இருப்பது இந்த முனையில். நான் தொடப்போவது அந்த முனையில்.

கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். "என்ன?"

"ஒன்றுமில்லை சார். எங்கள் ஊரே இப்போது தப்பான இடத்தில் நிற்கிறது."

மலையிலிருந்து இறங்கி, ஒற்றசேகரமங்கலம் பக்கமாக வந்தோம். கீழே ரப்பர் தோட்டங்கள், நடுவில் ஆறு. எங்கள் ஊருக்கு மேலேயே போனேன். என் வீட்டுக் கூரை எது என்று தேட நேரமில்லை. வேகம், உயரம், திசை என்று கை நிறைய வேலை. பூவாற்றில் ஆறு கடலில் சேருகிற பொழிக்கு முன்னால் திருப்பி, கடலோரமாக ஓடுதளத்தை நேராகப் பிடித்து இறக்கினேன். சக்கரம் தொட்டது எனக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த மாதிரி இறக்கம் அதற்குப் பிறகும் அடிக்கடி வாய்த்ததில்லை.

பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது போனைத் திறந்தேன். அப்பா.

"மக்கா, கண்டோம்! எல்லாரும் கண்டோம்! எம்மாம் பெருசு! மாமா அழுதுட்டாரு."

"எங்க அப்பா கண்டது?"

"நேரே எங்க தலைக்கு மேல ஏறிப் போனியே!"

"அப்பா, நான் ஏறல்ல. எறங்கினேன். அந்தப் பக்கத்துல."

அலைச் சத்தத்துக்கு நடுவே அப்பா மாமாவிடம் ஏதோ கேட்டுவிட்டு மறுபடி போனுக்கு வந்தார்.

"அப்பம் நாங்க கை காட்டினது ஆருக்கு?"

வளைகுடாவுக்குப் புறப்பட்ட ஏதோ ஒரு ஜெட் விமானத்துக்கு என் ஊர் கூடி நின்று கண்ணீரோடு கை அசைத்திருக்கிறது. நான் இறங்கிய நேரத்தில் எல்லாரும் சாயாக் கடையில் இருந்திருக்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் பணிப்பெண் எட்டிப் பார்த்தாள். கேப்டனிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவுக்கும் ஒரு போன் போட்டேன்.

"எறங்கிட்டியா மக்ளே? நல்லது. நான் மொட்டைமாடியில துணி காயப்போட்டுட்டு நின்னேன். ஒரு பிளேன் எரஞ்சிட்டுப் போச்சு. நல்ல தாழ்வா. ரெண்டு பக்கமும் விசிறி."

"அம்மா, அது நானாக்கும்."

"நீயா?" அம்மாவால் நம்ப முடியவில்லை. டிரைவரைக் கட்டிக்கொண்டவர் அல்லவா, உடனே கேட்டார்: "பின்ன என்னத்துக்கு ஹாரன் அடிக்கல்ல?"

சென்னைக்குத் திரும்ப ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். காற்று இன்னும் கடலிலிருந்துதான். அப்படியானால் புறப்படும்போது கடற்கரைக்கு மேலேதான் ஏற வேண்டும். அப்பாவை அவசரமாக மறுபடி அழைத்தேன். "எங்கயும் போகாதீங்கோ. அங்கயே நில்லுங்கோ. இப்பம் வாறேன். விசிறி வச்சது வந்தா அது நான். பெருசு வந்தா கை காட்டண்டாம்."

திரும்பும் பயணத்தையும் ஓட்டச் சொல்லி கேப்டன் எனக்கே கொடுத்தார். ஓடுதளத்தில் வேகம் எடுத்து, மூக்கைத் தூக்கி, சக்கரங்களை உள்ளே இழுக்கச் சொன்னேன். கடற்கரை அவர் பக்கம் இருந்தது. என் பக்கம் நகரமும் தென்னையும் மட்டும். திரும்பிப் பார்க்க முடியாது. மேகத்துக்கு மேலே வந்து செக்லிஸ்ட் எல்லாம் வாசித்து முடித்த பிறகு கேப்டன் பேசினார்.

"வெள்ளை வேன்தானே?"

"ஆமாம் சார்."

"ஒருவர் வேன் கூரைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினார். காக்கிச் சட்டை. விழுந்துவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்."

"எங்கள் அப்பா. இங்கிருந்து நேராக டூட்டிக்குப் போவார்" என்றேன்.

சென்னை கட்டுப்பாட்டு அறையின் அலைவரிசைக்கு மாறச் சொல்லிக் குரல் வந்தது. கேப்டன் பதில் சொன்னார். நான் மூக்கை வடகிழக்கில் வைத்தேன்.